உடம்பின் சண்டையில் வாழும் கிருமி

அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ நிந்தவூரிலோ பிறக்கும் பிள்ளைக்கு, வைத்தியசாலையை விட்டு வீடு போகுமுன்பே இடது கையில் பி.சி.ஜி. ஊசி போடப்படுகிறது. 1949இல் இலங்கைக்கு வந்த அந்தத் தடுப்பூசியின் தழும்பு இந்தக் கரையோரத்தில் ஏறக்குறைய எல்லோர் கையிலும் இருக்கிறது. உடம்பில் சத்தும் எதிர்ப்புச் சக்தியும் இருந்தால் சயரோகம் எனப்படும் காசநோய் அண்டாது என்ற நம்பிக்கையும் எல்லோரிடமும் இருக்கிறது. பாலும் முட்டையும், தேனும் கருஞ்சீரகமும், கொரோனாவுக்குப் பிறகு கடைகளில் குவிந்த எதிர்ப்புச் சக்திப் பானங்களும் இந்த நம்பிக்கையின் மேல்தான் விலைபோகின்றன. வாட்டசாட்டமான இளைஞர் ஒருவர் மாதக்கணக்கில் இருமிக்கொண்டே தனக்குக் காசநோய் வர வழியில்லை என்று இருந்துவிடுவதற்கும் இதுவே காரணமாகிறது. இந்த நம்பிக்கை பாதி உண்மை. மற்றப் பாதி எங்கே பிழைத்தது என்பதைத் தமிழ் பேசும் மண்ணில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளைக் கொண்டே காட்டலாம். ஒன்று 1956இல் சென்னையில் தொடங்கியது. மற்றது 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில். இவற்றோடு நுண்ணோக்கியின் கீழ் பிற்பாடு கண்டவற்றையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்: காசநோய்க் கிருமி உடம்பின் காவற்கலங்களுக்குள்ளேயே குடியிருக்கிறது, அவை போடும் சண்டையைக் கொண்டே அடுத்தவருக்குப் பரவுகிறது. ஆகவே அந்தச் சண்டையின் உக்கிரத்தைக் கூட்டுவது அதற்கு மருந்தாகாது.

கதை 1882இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மார்ச் 24ஆம் திகதி பேர்லினில் ரொபர்ட் கோக் காசநோயின் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதே ஆண்டில் சிசிலித் தீவின் மெசினாவில் இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய உயிரியலாளர், கண்ணாடி போலத் தெளிந்த நட்சத்திர மீன் குடம்பியின் உடலில் ரோசா முள்ளைச் செருகி வைத்தார். அலைந்து திரியும் கலங்கள் வந்து முள்ளைச் சூழ்ந்துகொண்டதை அவர் பார்த்தார். அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் தின்குழியங்கள் உடம்பில் இருக்கின்றன என்ற அறிவு அங்கிருந்துதான் வளர்ந்தது. கிருமி இன்னது என்று தெரிந்துவிட்டது, அதை விழுங்கும் கலமும் தெரிந்துவிட்டது. இனி அந்தக் கலத்தைத் தூண்டிவிட்டால் போதும் என்று நினைப்பது இயல்பே. கோக்கே அந்த வழியில் போனார். 1890இல் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலின் என்ற சாற்றை மருந்தென்று வெளியிட்டார். அது உடம்பின் எதிர்ப்பைக் கிளப்பத்தான் செய்தது. ஆனால் கிளம்பிய எதிர்ப்பு நோயாளியின் நுரையீரலையே வீங்கவும் புண்ணாகவும் செய்தது. சிலர் இறந்தும் போனார்கள். மருந்தாகத் தோற்ற அந்தச் சாறு, கிருமி உடம்பில் புகுந்திருக்கிறதா என்று தோலில் குத்திப் பார்க்கும் சோதனையாக மட்டும் மிஞ்சியது. இந்தத் தோல்வியில் அடங்கியிருந்த எச்சரிக்கையை அன்றைய மருத்துவ உலகம் முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

சானட்டோரியம் என்ற ஏற்பாட்டின் அடிப்படையும் அதே எண்ணம்தான். ஓய்வும் திறந்த காற்றும் வெயிலும் கொழுப்பான சாப்பாடும் உடம்பைத் திடப்படுத்தும், திடமான உடம்பு கிருமியை வெல்லும் என்று நம்பினார்கள். மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் மிஷன்கள் கூடி நடத்திய சானட்டோரியம் 1915இல் திறக்கப்பட்டது. கணித மேதை இராமானுஜனுக்கு இங்கிலாந்தின் மென்டிப் குன்றுகளில் சிகிச்சை அளித்த வைத்தியர் சௌரி முத்து, 1928இல் தாம்பரத்தில் ஒன்றை நிறுவினார்; அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றைக்கும் தாம்பரம் சானட்டோரியம் என்றுதான் பெயர். இவற்றைக் கட்டியவர்களின் இரக்கத்தையும் உழைப்பையும் குறைத்துப் பேச ஒன்றுமில்லை. போக்கிடம் இல்லாத நோயாளிகளுக்கு அவை நிழல் கொடுத்தன. ஆனால் மருந்தில்லாத அந்தக் காலத்தில், சளியில் கிருமி காணப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் எனப்படும் மருந்தும், 1952இல் ஐசோனியாசிட்டும் வந்தன. கிருமியை நேரே தாக்கும் மருந்துகள் கைக்கு எட்டிய பின்னரும், ஓய்வும் ஊட்டமும் இல்லாமல் அவை பலிக்காது என்றே பெரும்பாலான நிபுணர்கள் நினைத்தார்கள்.

சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் அமைக்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் இதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய நிலையம் அது. பொறுப்பாக வந்தவர் வொலஸ் ஃபொக்ஸ். சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைத் திருவுளச்சீட்டு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானட்டோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் இருந்தார்கள். மற்றவர்கள் தங்கள் நெரிசலான வீடுகளிலேயே, கிடைத்ததைத் தின்று, முடிந்த வேலையைச் செய்துகொண்டு இருந்தார்கள். இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஐசோனியாசிட்டும் பாஸும் ஒரே விதமாகக் கொடுக்கப்பட்டன. 1959இல் முடிவு வெளியானபோது, ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 வீதம், சானட்டோரியத்தில் 92 வீதம். இரண்டுக்கும் நடுவே பெரிய வேறுபாடு இல்லை. சானட்டோரியத்தில் இருந்தவர்கள் உடல் எடையில் கூடுதலாக ஏறினார்கள். ஆனால் அந்தக் கூடுதல் சதை கிருமியைக் கூடுதலாகக் கொல்லவில்லை. இன்னொரு பயமும் பொய்யாயிற்று. வீட்டில் வைத்துப் பார்த்தால் குடும்பத்தாருக்குத் தொற்றும் என்றார்களே, அங்கும் சானட்டோரியத்துக்குப் போனவர்களின் குடும்பங்களைவிட அதிகமாக நோய் காணப்படவில்லை. சிகிச்சை தொடங்குமுன் தொற்றியதுதான் தொற்று. தொடங்கிய பின் மருந்து அதை வேகமாக அடக்கிவிடுகிறது. உலகம் முழுவதும் சானட்டோரியங்கள் மெல்ல மெல்ல மூடப்படுவதற்கு இந்த ஆய்வு முக்கியமான காரணங்களில் ஒன்று. நோய் தீர்வதை மருந்துதான் தீர்மானித்தது. உடம்பின் பலம் ஏன் அதைத் தீர்மானிக்கவில்லை என்ற கேள்விக்குச் சென்னையில் விடை இருக்கவில்லை.

விடை கொண்டுவந்தவர் இந்தக் கதைக்கு வெளியே நின்றவர் அல்லர். பிலிப் டார்சி ஹார்ட், 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். ஃபொக்ஸ் சென்னைக்கு வந்தது அவர் தலைமையில் இயங்கிய பிரித்தானிய ஆய்வுப் பிரிவிலிருந்துதான். ஓய்வு பெறும் வயது கடந்த பின்னும் லண்டனில் ஆய்வுகூட மேசையை விடாத அவர், 1971இல் ஆம்ஸ்ட்ரோங் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, கிருமியை விழுங்கிய பெருந்தின்குழியங்களை இலத்திரன் நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். நுரையீரலின் காற்றுப் பைகளில் காவல் நிற்கும் இந்தக் கலம், விழுங்கியதை ஒரு பைக்குள் அடைத்து, அமிலமும் நொதியமும் நிறைந்த இன்னொரு பையை அதோடு இணைத்துச் செரித்துவிடுவது வழக்கம். சேதப்பட்ட காசநோய்க் கிருமியை விழுங்கியபோது அப்படித்தான் நடந்தது. உயிரோடிருந்த கிருமியை விழுங்கியபோதோ பெரும்பாலும் அந்தப் பைகள் இணையவே இல்லை. கிருமி தன்னைச் சுற்றியுள்ள மெழுகுறை போன்ற கொழுப்புகளாலும் தான் சுரக்கும் பொருள்களாலும் இணைப்பைத் தடுத்துவிடுகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் விளக்கின. ஹார்ட் 2006இல், 106ஆவது வயதில் காலமானார். அவர் காட்டிய அந்தப் படங்களை நான் இந்த நோயின் வரலாற்றிலேயே முக்கியமான சான்றாக எண்ணுகிறேன். வேளாண்மைக்குக் காவல் கிடக்க வட்டைக்குள் கட்டிய வாடியிலேயே காட்டுப்பன்றி குட்டி போட்டால், காவற்காரனுக்கு இன்னும் நாலு வாடி கட்டிக்கொடுப்பதால் பயிர் தப்பாது. பெருந்தின்குழியங்கள் கூடக் கூடக் கிருமிக்கு வீடுகள் கூடுகின்றன.

அது நிதானமான குடியிருப்பு. பல நுண்ணுயிர்கள் இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமி ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கிறது. உடம்பின் அடுத்த வரிசைக் காவலான ரி-நிணநீர்க்குழியங்களுக்குச் செய்தி போய்ச் சேர்வதும் பிந்துகிறது. தொற்றியவரின் தோலில் டியூபர்குலின் சோதனை சாதகமாவதற்கு வாரக்கணக்கில் செல்கிறது. ரி-நிணநீர்க்குழியங்கள் வந்த பின் பெருந்தின்குழியங்கள் உசாரடைந்து, முன்பு இணையாத பைகளை இணைத்துக் கிருமியை நெருக்குகின்றன என்பது உண்மையே. பெரும்பாலான உடம்புகளில் இழுபறி அத்தோடு நிற்கிறது. கிருமியைச் சுற்றிக் கலங்கள் அடுக்கடுக்காகக் கூடிக் கணுக்கட்டி ஒன்று உண்டாகிறது. நூறாண்டுக்கு மேலாக இதை உடம்பு கட்டிய சிறைச்சாலை என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி இராமகிருஷ்ணனின் தங்கையான லலிதா இராமகிருஷ்ணன் இந்தப் பாடத்தைத் திருத்தினார். உடல் தெளிந்த சீப்ரா மீன் குடம்பிகளில், காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான ஒன்றைப் புகுத்தி அவர் பார்த்தார். 2009இல் வெளியான அவரது ஆய்வின்படி, கட்டி உருவாகும் தொடக்க நாட்களில் புதிய பெருந்தின்குழியங்களை அங்கே வரவழைப்பதே கிருமிதான். செத்த கலத்தை விழுங்க வரும் புதிய கலங்கள் கிருமியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நகர்கின்றன. பெருந்தின்குழியங்களை உசுப்பும் சுரப்பு குறைந்தாலும் கிருமி பெருகுகிறது, கூடினாலும் கலங்கள் வெடித்துக் கிருமி வெளியேறுகிறது என்பதையும் அவரது குழு பிற்பாடு காட்டியது. எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட வேண்டும் என்று சொல்பவர்கள் இந்த ஒரு முடிவையாவது நின்று யோசிக்க வேண்டும்.

இனிச் செங்கல்பட்டுக்கு வருவோம். பிரான்சின் லீல் நகரில் கல்மெட், கெரின் என்ற இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகளில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வலுவிழக்கச் செய்ததுதான் பி.சி.ஜி. 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. பிரித்தானியாவில் 1950இல் தொடங்கிய ஆய்வு, பாடசாலை விட்டுப் போகும் வயதினரிடையே அது முக்கால்வாசிக்கு மேல் பாதுகாப்புத் தருவதாகக் காட்டியது. வேறு சில இடங்களில் பலன் மிகக் குறைவாக இருந்தது. தகராறைத் தீர்க்க 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார ஸ்தாபனமும் முன்னெடுக்க, ஒரு பெரும் ஆய்வு தொடங்கியது. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ வெற்றூசியோ போடப்பட்டது. எவருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஏழரை ஆண்டு கழித்து வந்த முதல் முடிவு உலகை அதிரவைத்தது. பெரியவர்களைப் பிடிக்கும், சளியில் கிருமி காணப்படும் நுரையீரல் காசநோயிலிருந்து அந்த ஊசி பாதுகாக்கவில்லை. பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்து 1999இல் வெளியிட்ட அறிக்கையிலும் முடிவு மாறவில்லை. ஆய்வில் குறை இருந்திருக்கும் என்று முதலில் பலர் வாதிட்டார்கள். ஊசி மருந்தின் தரத்தையும், அளவையும், கணக்கெடுப்பையும் நிபுணர் குழுக்கள் துருவிப் பார்த்தன. முடிவைக் கவிழ்க்கும் குறை எதுவும் அகப்படவில்லை.

ஏன் அப்படி ஆயிற்று? இரண்டு காரணங்கள் எனக்கு வலுவாகத் தெரிகின்றன. ஒன்று மண்ணும் தண்ணீரும். வெப்ப நாட்டு மண்ணிலும் குளத்திலும் காசநோய்க் கிருமியின் தீங்கற்ற உறவுகள் நிறைய வாழ்கின்றன. திருவள்ளூரின் கிராமத்துப் பிள்ளைகள் பெரும்பாலானோரின் உடம்பு அவற்றோடு சிறு வயதிலேயே பழகியிருந்தது. பழகிய காவல், ஊசியில் வந்த உயிருள்ள கிருமியைப் பெருகவிடாமல் உடனே ஒழித்துவிட்டால், அந்த ஊசி புதிதாக ஒன்றும் கற்பிக்காது. வயலும் குளமும் களப்பும் சூழ்ந்த நமது கரையோரத்துக்கும் இந்த விளக்கம் பொருந்தும் என்பது என் கருத்து. மற்றது மரபணுவில் இருக்கிறது. கல்மெட்டின் 230 வளர்ப்புகளில் கிருமி தொலைத்த மரபணுத் துண்டு ஒன்றை 1990களில் அடையாளம் கண்டார்கள். பெருந்தின்குழியத்தின் பையில் ஓட்டை போடுவதற்கும், புதிய கலங்களை வரவழைப்பதற்கும் கிருமிக்கு வேண்டிய கருவி அந்தத் துண்டில்தான் இருக்கிறது. அதாவது, உண்மையான கிருமியின் மிக மோசமான தந்திரத்தை பி.சி.ஜி. உடம்புக்குக் காட்டுவதே இல்லை. அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு ஊசி போடுவது வீண்தானே என்று ஒருவர் கேட்டால், அது பெரிய பிழை. சிறு பிள்ளைகளின் மூளைக்காய்ச்சலாகவும் உடம்பெங்கும் பரவியும் வரும் காசநோயை இந்த ஊசி எழுபது வீதத்துக்கு மேல் தடுக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்திருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்குப் போடும் வழக்கம் சரியானது, தொடர வேண்டியது. கையில் தழும்பு இருக்கிற நாற்பது வயதுக்காரர் அதை நம்பி இருமலை அலட்சியம் செய்வதுதான் தவறு.

நான் சொல்லும் வாதத்துக்கு மிகக் கூரிய சான்று 2010இல் வந்தது. நோய்க்கிருமிகள் பொதுவாக, நிர்ப்பீடனக் கலங்கள் தம்மை அடையாளம் காணும் பகுதிகளை அடிக்கடி மாற்றித் தப்பிக்கும். இன்ஃபுளுவென்சா ஆண்டுக்காண்டு செய்வது அதைத்தான். உலகின் பல பகுதிகளிலிருந்து எடுத்த காசநோய்க் கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்டபோது நேர்மாறாக இருந்தது. ரி-நிணநீர்க்குழியங்கள் அடையாளம் காணும் பகுதிகளே மிகக் குறைவாக மாறியிருந்தன. தன்னைக் கண்டுகொள்ள வேண்டும் என்பது போல அது நடந்துகொள்கிறது. காரணம் நுரையீரலில் தெரிகிறது. கிருமி அடுத்தவருக்குப் போவது இருமலில். இருமலில் கிருமி நிறைய வருவது நுரையீரலில் குழி விழுந்தால். குழி விழுவது உடம்பின் சண்டையில் திசு கரைவதால். எச்.ஐ.வி. முற்றி ரி-நிணநீர்க்குழியங்கள் அருகிப்போனவர்களுக்குக் காசநோய் கொடுமையாக வருகிறது, உயிரையும் எடுக்கிறது. ஆனால் அவர்களுடைய நுரையீரலில் குழிகள் குறைவு. வலுவான எதிர்ப்பு இருந்தால்தான் குழி விழும்.

இதற்கு நேர்மையான மறுப்பு ஒன்று உண்டு. உலக மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றியிருக்கிறது. அவர்களில் வாழ்நாளில் நோயாளியாகிறவர்கள் ஐந்து முதல் பத்து வீதம் மட்டுமே. மற்றவர்களைக் காத்தது எதிர்ப்புச் சக்தி இல்லாமல் வேறென்ன? மறுக்க முடியாத கேள்வி. மூட்டுவாத நோய்க்காக உடம்பின் ஒரு சுரப்பைத் தடுக்கும் மருந்து எடுத்த சிலருக்கு, பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்த காசநோய் கிளம்பியதை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. காவல் இல்லாவிட்டால் கிருமி எழும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆனால் இந்தத் தொண்ணூறு வீதத்தினரில் பலருடைய உடம்பு செய்தது கட்டி வைப்பதுதான், கொன்று முடிப்பது அன்று. காவல் அளவோடு, குலையாமல், வாழ்நாள் முழுக்க நிற்க வேண்டும். அது குலைவதும் மெலிந்த உடம்பில் மட்டும் நடப்பதில்லை. நம் ஊர்களில் சீனி வருத்தம் என்று சொல்லும் நீரிழிவு, காசநோய் வரும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. நன்றாகச் சாப்பிட்டுப் பருத்த உடம்பும் இங்கே பாதுகாப்பில்லை.

சாப்பாட்டைப் பற்றிய மறுப்பு இன்னும் கனமானது. இங்கிலாந்தில் மருந்து வருவதற்கு நெடுநாள் முன்பே காசநோய்ச் சாவுகள் குறையத் தொடங்கின; அதில் உணவுக்கும் வீட்டுக்கும் பங்குண்டு என்று பலர் வாதிட்டிருக்கிறார்கள். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்து, 2023இல் வெளியான ஆய்வு அதைவிடத் தெளிவானது. நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்தபோது, அவர்களிடையே காசநோய் 39 வீதம் குறைந்தது. இதை நடத்தியதில் பங்கெடுத்தது, 1956இன் சேத்துப்பட்டு நிலையம் வளர்ந்து ஆன அதே சென்னைத் தேசிய ஆய்வு நிறுவனம். சென்னை முடிவை ஜார்க்கண்ட் முடிவு பொய்யாக்கிவிட்டதா? இல்லை. சென்னையில் கேட்டது, நோய் வந்தவரைத் தீர்ப்பது எது என்று. ஜார்க்கண்டில் கேட்டது, நோயாளியோடு வாழ்பவருக்கு நோய் வராமல் காப்பது எது என்று. பட்டினி கிடந்த உடம்பில் காவலே நிற்க முடியாது. சோறு அதை வழமைக்குக் கொண்டுவருகிறது. வழமையாக நிற்கும் காவலை அதற்கு மேல் முறுக்கிவிடச் சோறும் இல்லை, பானமும் இல்லை. ஏழைக் குடும்பத்துக்கு அரிசி கொடுப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். போத்தலில் எதிர்ப்புச் சக்தி விற்பதை அதோடு சேர்த்து எண்ண மறுக்கிறேன்.

சிகிச்சை ஏன் ஆறு மாதம் என்று பலர் அலுத்துக்கொள்வதற்கும் விடை இதே வரலாற்றில் இருக்கிறது. கலத்துக்குள்ளும் கட்டியின் நடுவிலும் பிரியாமல் ஒடுங்கிக் கிடக்கும் கிருமிகளை மருந்து மெதுவாகத்தான் கொல்கிறது. இரண்டாம் மாதம் இருமல் நின்று, முகம் தெளிந்து, பசி எடுப்பது பெருகிக்கொண்டிருந்த கிருமிகள் செத்ததன் அடையாளம். ஒடுங்கியவை இன்னும் உயிரோடிருக்கும். வீட்டுக்கு விட்ட நோயாளிகள் குளிசையைத் தவறவிடுகிறார்கள் என்பதையும் சென்னை நிலையமே முதலில் தெளிவாகக் கண்டது. கண்முன் வைத்து மருந்து விழுங்கச் செய்யும் முறை அங்கே 1960களில் சோதித்துப் பார்க்கப்பட்டு, பிறகு உலகத்துக்குப் போனது.

2023இல் உலகில் இந்த நோயால் 12 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் பெரும்பாலான ஆண்டுகளில் எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயாளிகளாகப் பதிவாகிறார்கள். நம் பகுதியில் கல்முனையில் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. சளிப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு இல்லை. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால், உடம்பு பலமாக இருந்தாலும், கையில் தழும்பு இருந்தாலும், போய்ச் சளியைக் கொடுங்கள். நோய் என்று கண்டால் ஆறு மாதக் குளிசையையும் ஒரு நாளும் விடாமல் எடுத்து முடியுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள். கலியாணப் பேச்சு முறிந்துவிடும் என்று மறைக்க வேண்டாம், கோப்பையையும் பீங்கானையும் பிரித்து வைக்கவும் வேண்டாம். மருந்தை ஒழுங்காக எடுக்கும் நோயாளியை வீட்டோடு வைத்துப் பார்க்கலாம் என்று சென்னையின் ஏழைக் குடும்பங்கள் 1959இலேயே நிரூபித்துவிட்டன.